மாமாவின் அறுபதாம் கல்யாண ஆல்பமும் அலைன் பட்டன்களும்

மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபமும் சமையலும் அண்ணன் பொறுப்பு. பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து டிஜிட்டல் ஆல்பம் போடுவது என் தலையில் விழுந்தது. தண்டையார்பேட்டை வீட்டு பீரோவிலிருந்து வந்தவற்றில் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகவே இல்லை. போஸ்ட் கார்டு சைஸ், பாஸ்போர்ட் சைஸ், ஓரம் நெளிநெளியாக வெட்டிய கறுப்பு வெள்ளை, எல்லாம் கலந்து கிடந்தன.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்தேன். அது இலவசம், அங்குலத்திலேயே அளவு கொடுக்கலாம். பக்கம் 12-க்கு 12 அங்குலம். முதல் வேலை, சாய்ந்த ஸ்கேன்களை நிமிர்த்துவது. ராயபுரம் ஸ்டேஷன் முன்னால் எடுத்த படத்தில் அது சுலபம். 1856-இல் திறந்த கட்டடத்தின் தூண்களே தூக்குக்குண்டு மாதிரி நிற்கின்றன. கடற்கரைப் படத்துக்கு அடிவானம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அலைன் பெட்டி, அதாவது படங்களை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தும் பட்டன்கள் உள்ள பெட்டி, திறக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது ‘ரிலேட்டிவ் டு’. எதை வைத்து நேராக்குவது என்று அங்கேதான் சொல்கிறோம். ‘லாஸ்ட் செலக்டட்’ என்றால் கடைசியாகத் தொட்ட படம் அசையாது, மற்றவை அதனிடம் வரும். ‘பேஜ்’ என்றால் எல்லாமே பக்கத்தின் ஓரத்துக்கோ நடுவுக்கோ ஓடும்.

அடுத்தது டிஸ்ட்ரிப்யூட், அதாவது படங்களைச் சீராகப் பரப்பி வைப்பது. அளவு வேறுபட்ட படங்கள் இருந்தால் இங்கேதான் வேலையே. ஒரு வரிசையில் 5, ஒன்றரை, 3 அங்குல அகலத்தில் மூன்று படங்கள். இரு ஓரமும் அரை அங்குலம் விட்டாயிற்று. மையங்களைச் சமதூரத்தில் வைக்கும் பட்டனை அழுத்தினால், நடுப்படத்துக்கு இடப்பக்கம் கால் அங்குலம், வலப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் இடைவெளி. கணக்கு சரி, கண்ணுக்குத்தான் அசிங்கம். இடைவெளிகளைச் சமமாக்க வேறு பட்டன் இருக்கிறது. அதில் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம். இரண்டிலுமே முனையில் இருக்கும் படங்கள் நகராது. அதனால் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும்.

நிழல் எஃபெக்டைக் கடைசியில் போடுங்கள். மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை, அதைச் சுற்றிய கண்ணுக்குத் தெரியாத செவ்வகத்தைத்தான் பார்க்கிறது. நிழல் போட்டால் செவ்வகம் பெரிதாகும். நிழல் உள்ள படமும் இல்லாத படமும் ஒரே கோட்டில் நிற்காது.

எல்லாம் நேரான பிறகு அத்தை எட்டிப் பார்த்து, “இன்னாடா, உங்க மாமா மட்டும் ஒரு ஓரமா கீறாரு?” என்றார். படம் நடுவில்தான் இருந்தது, மாமா படத்துக்குள் ஓரத்தில் நின்றிருந்தார். நடுவில் ஒரு செங்குத்து வழிகாட்டிக் கோட்டை இழுத்துவிட்டு, முகம் அதில் வரும்படி கையால் நகர்த்தினேன். இந்த விஷயத்தில் அத்தை கண்ணைத்தான் நம்புவேன்.

படத்தடி வரிகள் தனிக் கதை. ‘எண்ணூர்’ என்பதில் ணூ கீழே இறங்குகிறது. பக்கத்தில் ‘1987’ இறங்குவதில்லை. கீழ் விளிம்பை வைத்து நேராக்கினால் ஊர் பெயர் மேலே ஏறி நிற்கும். எழுத்துகளின் அடிக்கோட்டை வைத்து நேராக்க அதே பெட்டியில் தனிப் பட்டன் உண்டு. தமிழில் வரி போடுகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

பைண்டிங் செய்கிறவர் உள்பக்கம் ஓர் அங்குலம் விடச் சொன்னார். ‘பேஜ்’ நடுவுக்கு நேராக்கினால் அந்த அங்குலம் கணக்கில் வராது. மீதியுள்ள 11 அங்குல அகலத்துக்கு ஒரு வெற்றுச் செவ்வகம் வரைந்து, ‘ரிலேட்டிவ் டு’வில் ‘பிக்கஸ்ட் ஆப்ஜெக்ட்’ (இருப்பதிலேயே பெரியது) என்று கொடுத்தேன். எல்லாம் அதற்குள் ஒழுங்காக அமர்ந்தன. வேலை முடிந்ததும் செவ்வகத்தை அழித்துவிடலாம்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது டிபிஐ கட்டத்தை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைப் பாருங்கள். 96 என்று இருந்தால் 12 அங்குலத்துக்கு 1152 பிக்சல்தான் கிடைக்கும். 300 என்று மாற்றினால் 3600. அச்சுக்கு அதுதான் வேண்டும்.