சிலைடை வாங்கிவிட்டு வராதீர்கள், பிளாக்கைக் கேளுங்கள்

அத்தைக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது, ஊசி விட்டுச் சதை எடுத்தது, புற்றுநோய்தான் என்று ரிப்போர்ட் வந்தது எல்லாம் பத்து நாளில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தச் சதையைப் பதித்துவைத்த, கட்டைவிரல் நகம் அளவு மெழுகுக் கட்டி ஒன்றுக்காக நான் அலைந்ததுதான் ஒரு மாதத்துக்கு மேல். இவர் சிங்கப்பூரில். கொழுந்தனுக்குக் கோடை உழவு. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி இறங்கியது நான்தான்.

தஞ்சாவூர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே கேட்டார்: "ஐ.எச்.சி. எங்கம்மா? ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கே.ஐ.-67 நாலும் வேணும். அது இல்லாம என்ன மருந்துன்னு முடிவு பண்ண முடியாது." எங்கள் கையில் இருந்தது ஊதாவும் ரோஸுமாகச் சாயம் போட்டுப் பார்த்த முதல் ரிப்போர்ட். அது நோயின் பெயரைச் சொல்லும். அந்த நோய் எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிய, அதே சதையை மறுபடி மெல்லிசாகச் சீவி, டாக்டர் சொன்ன நாலு புரதத்துக்கும் அதைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தனித்தனியாக விட்டுப் பார்க்கிறார்கள். அதுதான் ஐ.எச்.சி. அந்தப் புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாக மாறும்.

சதையைச் சோதித்த லேப் கும்பகோணத்தில். அங்கே ஐ.எச்.சி. கிடையாது, திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். கவுன்ட்டர் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையில் இரண்டு கண்ணாடிச் சிலைடுகளைக் கொண்டுவந்து தந்தார். "இதைக் குடுத்தா போதும்க்கா." நம்பினேன். மறுநாள் விடியற்காலை கிளம்பித் திருச்சி போனேன்.

திருச்சி லேபில் இருந்த அம்மா சிலைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "இது ஏற்கெனவே சாயம் போட்டது. பிளாக் எங்கே?" அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வேறு யாருடையதையோ எடுத்துக் காட்டினார். சின்ன பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் வெள்ளை மெழுகு, அதற்குள் நூல் துண்டு மாதிரி சதை. கும்பகோணத்திலேயே சீவித்தரச் சொல்லி வெறும் சிலைடாக வாங்கி வரலாமா என்று கேட்டேன். அதற்கும் தனிக் கண்ணாடி வேண்டுமாம். இந்தச் சோதனையில் சீவலைக் கொதிக்கிற சூட்டில் வைத்து எடுப்பார்கள், சாதாக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிந்து மிதந்துவிடும் என்றார். அன்றைக்கு ஒரு நாளும் பஸ் காசும் போச்சு.

மறுபடி கும்பகோணம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

"பிளாக்கெல்லாம் வெளியில குடுக்கறதில்லையேக்கா."

"எங்க அத்தை சதைதானே தம்பி அது?"

"டாக்டர் லெட்டர் இருக்கா? பேஷண்ட் கையெழுத்து, ஆதார் ஜெராக்ஸ்?"

"போன தடவையே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

அந்த ஒரு வார்த்தை இன்னும் எரிகிறது. கேட்க வேண்டியது என்னவென்று தெரிந்தவள் எதற்கு அந்தக் கவுன்ட்டரில் நிற்கப்போகிறாள்?

தஞ்சாவூர் போய் லெட்டர், வீட்டுக்கு வந்து அத்தையின் கையெழுத்து, மூன்றாம் முறை கும்பகோணம். முப்பது நாளில் திருப்பித் தருவதாக என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு பிளாக்கை நீட்டினார். வாங்கிப் பையில் போடப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் முன்பின்னாக இருந்தது. வேறு யாரோ ஒருவருடைய சதை! தம்பி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். நீங்கள் வேறு எதை மறந்தாலும் சரி, அந்த எண்ணைப் பார்க்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.

உள்ளே சதையைச் சீவுகிற மைக்ரோடோம் மெஷின் பக்கத்தில் இருந்த வயசான டெக்னீஷியன் வெளியே வந்து, "வெயில்ல வைக்காதம்மா, அறுபது டிகிரிக்கு முன்னாடியே உருகிடும்" என்று சொல்லி அனுப்பினார். அக்னி நட்சத்திரம் நடக்கிற நேரம். பிளாக்கைச் சின்ன டப்பியில் போட்டு, டப்பியை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் பையை வாங்கி எஞ்சின் பானட் மேல் வைக்கப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் முன்சீட்டுப் பெரியவர் தூக்கம் கலைந்து, "தங்கமாம்மா வச்சிருக்க?" என்றார். திருச்சி வரைக்கும் மடியை விட்டு இறக்கவில்லை.

திருச்சியில் நிரப்பச் சொல்லி ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். சதை எடுத்த நேரம், அது கெடாமல் இருக்க ஊற்றும் பார்மலினில் போட்ட நேரம் என்று இரண்டு கட்டம். மார்புப் புற்றுநோய்க்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் பார்மலினில் ஊறியிருக்க வேண்டுமாம். இல்லையென்றால் முடிவை அப்படியே நம்ப முடியாது. சதை எடுத்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். "அதெல்லாம் எழுதறதில்லைக்கா" என்று நர்ஸ் சொல்லிவிட்டார். எடுத்தது சனிக்கிழமை சாயங்காலம். அடுத்து ஞாயிறு, திங்கள் மே தின விடுமுறை. லேபுக்குப் போனதே செவ்வாய்க்கிழமை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்போதுதான் வாட்ஸாப் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இவருக்கு அனுப்பியிருந்தேன்: "சதை எடுத்தாச்சு, பாட்டில்ல போட்டுட்டாங்க." நேரம் 5.41. கும்பகோணத்து டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். அவர் நோட்டைப் பார்த்து, செவ்வாய் மத்தியானம் மூணு மணிக்குப் பார்மலினிலிருந்து எடுத்து மெஷினில் ஏற்றியதாகச் சொன்னார். விரல் விட்டு எண்ணினேன், எழுபது மணிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கட்டத்தை என் கையால் நிரப்பியபோது வந்த சந்தோஷம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட வந்ததில்லை. சதை எடுக்கிற அன்றைக்கே மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் ஊற்றுவது பார்மலின்தானா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்பிய கதைகளை அந்த வராண்டாவிலேயே கேட்டேன்.

ரிசல்ட் வாட்ஸாப்பில் வந்தது. முதலில் பார்த்தது கொழுந்தன். "அண்ணி, பாசிட்டிவ்னு போட்டிருக்கு" என்று குரல் உடைந்து போன் பண்ணினார். கொரோனா நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது, மாத்திரையால் அதை மடக்க வழியிருக்கிறது என்று அர்த்தம். எட்டுக்கு எட்டு மார்க் போட்டிருந்தார்கள். அவருக்கு இதைப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

சிக்கல் அடுத்த வரியில். ஹெர்-2: 2 பிளஸ். பூஜ்யமோ 1 பிளஸ்ஸோ வந்தால் இல்லை, 3 பிளஸ் என்றால் உண்டு. இரண்டு என்றால் சொல்ல முடியாது, ஃபிஷ் என்கிற சோதனை செய்து, அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீனை எண்ணித்தான் பார்க்க வேண்டும். "மீனு டெஸ்டா?" என்றார் அத்தை. அதற்குச் சென்னை. கட்டணம் முதல் சோதனையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நல்லவேளையாகத் திருச்சி அம்மா முதல் தடவையே கூடுதலாகச் சில சீவல் எடுத்துத் தனிக் கண்ணாடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு தடவை பிளாக்கை ஏற்றும்போதும் மேல்மட்டத்தைச் சமமாக்குவதிலேயே கொஞ்சம் சதை வீணாகும், ஊசியில் எடுத்த சதையில் அதற்கெல்லாம் இடமில்லை. கூடுதல் சீவலை நாமாகவே கேட்டுக்கொள்வது நல்லது. சென்னைக்காரர்கள் சீவலோடு பிளாக்கையும் கேட்டார்கள், கூரியரில் போயிற்று.

ஜூன் 12, மேட்டூர் திறந்த அன்றைக்கு முடிவு வந்தது. ஜீன் பெருகவில்லை. ஹெர்-2 இருந்தால் போடுகிற டிராஸ்டுசுமாப் ஊசி வேண்டாம்; ஆபரேஷன், பிறகு மாத்திரை என்றார் டாக்டர். தெருவில் எல்லாரும் தண்ணீர் என்றைக்குக் கல்லணைக்கு வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிளாக் இன்னும் சென்னையிலிருந்து திரும்பவில்லை. போன வாரம் கும்பகோணத்துத் தம்பியே போன் பண்ணினார். "அக்கா, முப்பது நாள் ஆச்சு, பிளாக் என்னாச்சு?"

"டாக்டர் லெட்டர் இருக்கா தம்பி?" என்றேன்.