உங்கள் சுயமதிப்பு எதன்மேல் நிற்கிறது?

இரண்டு பேருக்கு ஒரே மாதிரித் தோல்வி. எதிர்பார்த்த பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஒருவர் ஒரு வாரம் வாடிக் கிடந்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கத் தொடங்குகிறார். இன்னொருவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, நண்பர்களின் அழைப்பை எடுக்கவே கூசுகிறது. இரண்டாமவர் மனத்திடம் இல்லாதவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல நேரங்களில் இது தவறான கணிப்பு. அவருடைய ‘நான்’ முழுவதும் அந்த ஒரு வேலையின்மேல் நின்றுகொண்டிருந்தது. ஒரே தூணில் நிற்கும் கூரை, தூண் அசைந்தால் அசையத்தான் செய்யும். கூரையைக் குறை சொல்லி என்ன பயன்?

குணத்தைக் குறை சொல்லும் இடத்தில் அமைப்பைப் பார்க்கத் தொடங்கினால் செய்வதற்கு வேலை கிடைக்கிறது. அமைப்பை மாற்ற முடியும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், பொறுமையும் வேண்டும். பேனாவும் தாளும் போதும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதன் கணக்கைச் சொல்லிவிட்டார்: நாம் அடைந்த வெற்றியை, நாம் ‘இது எனக்கு வந்தே தீரவேண்டும்’ என்று கோருபவற்றால் வகுத்தால் கிடைப்பதுதான் சுயமதிப்பு. தன்னையே உதாரணமாகக் காட்டினார். உளவியலாளன் என்பதில் தன் முழு மதிப்பையும் வைத்திருப்பதால், தன்னைவிட உளவியல் தெரிந்தவரைக் கண்டால் அவமானமாக இருக்கிறது; கிரேக்க மொழி தெரியாததோ துளியும் வலிக்கவில்லை என்றார். வலி தோல்வியின் அளவை மட்டும் பொறுத்தது கிடையாது, நாம் எதைப் பணயம் வைத்திருக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

பணயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

ஜெனிஃபர் க்ராக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2000-களின் தொடக்கத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மக்கள் தங்கள் மதிப்பைக் கட்டிவைக்கும் இடங்களை ஏழாகப் பிரித்தார்கள்: மற்றவர்களின் அங்கீகாரம், தோற்றம், போட்டியில் முந்துவது, படிப்புத் திறமை, குடும்பத்தின் அன்பு, நேர்மையாக நடப்பது, இறைவனின் அன்பு. மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்த மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, படிப்பில் மதிப்பைக் கட்டியிருந்தவர்களுக்கு இடம் கிடைத்த செய்தி வந்த நாளில் சுயமதிப்பு அதிகமாக ஏறியது, மறுப்பு வந்த நாளில் அதிகமாக இறங்கியது. இந்த ஏற்ற இறக்கம்தான் மனநலத்தை அரிக்கிறது. சுயமதிப்பு உயரமாக இருப்பதைவிட நிலையாக இருப்பது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

உங்களுடைய பணயம் எதில் என்று நேரடியாகக் கேட்டுக்கொண்டால் சரியான பதில் வராது. ‘குடும்பம்’, ‘நேர்மை’ என்று கேட்க நன்றாக இருப்பதைத்தான் எழுதுவோம். அதனால் சுற்றுவழியில் போகவேண்டும். இரண்டு வாரம், தினமும் மாலையில் மூன்று வரி எழுதுங்கள். அன்று மனம் சட்டென்று ஏறிய அல்லது இறங்கிய ஒரு தருணம், அப்போது நடந்தது, அடுத்த நொடியில் உங்களைப் பற்றி உங்களுக்குள் ஓடிய வாக்கியம். ‘கூட்டத்தில் நான் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை, நான் ஒரு பொருட்டே இல்லை.’ இவ்வளவு போதும். அன்றே அலசாதீர்கள். இரண்டு வாரம் முடிந்ததும் ஒவ்வொரு வரியையும் அந்த ஏழில் ஒன்றின் கீழ்ப் போட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் சமமாக விழாது. ஒன்றிரண்டு இடங்களில் குவியும். அவைதான் உங்கள் தூண்கள்.

வட்டங்களும் கோடுகளும்

அடுத்து ஒரு தாளில், நீங்கள் யாராகவெல்லாம் வாழ்கிறீர்கள் என்பதை வட்டங்களாக வரையுங்கள். தொழில், பெற்றோர், நண்பர், பாடுபவர், செடி வளர்ப்பவர், அண்டை வீட்டுக்காரர், எதுவாக இருந்தாலும். ஆறு முதல் பத்து வரை வரும். மூன்றைத் தாண்டவில்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

முக்கியமான பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டு, ‘இது நாளைக்கே நின்றுவிட்டால் கூடவே எதெல்லாம் நிற்கும்?’ என்று கேளுங்கள். நிற்கும் என்றால் இரண்டுக்கும் இடையே கோடு போடுங்கள். பலருக்கு அதிர்ச்சி இங்கேதான் காத்திருக்கிறது. எட்டு வட்டங்கள் இருக்கும், ஆனால் ஆறு கோடுகள் வேலையிலிருந்து கிளம்பும். நண்பர்கள் எல்லோரும் அலுவலகத்து நண்பர்கள். விளையாட்டு அலுவலக அணியில். காலையில் எழுவதற்கான காரணம், நாளின் ஒழுங்கு, வெளியில் தன்னை அறிமுகப்படுத்தும் வாக்கியம் எல்லாமே அங்கிருந்துதான். இத்தனை பாத்திரங்கள் இருந்தும் தாங்குவது ஒன்றே ஒன்றுதான். கணவரோ மனைவியோ மட்டுமே எல்லா வட்டங்களுக்கும் வேராக இருக்கும் தாள்களும் இப்படித்தான் தெரியும். பிரிவு வரும்போது ஏன் எல்லாமே போனதுபோல் இருக்கிறது என்பதற்கு அந்தக் கோடுகள்தான் விளக்கம்.

பெட்ரிஷியா லின்வில் என்ற உளவியலாளர் 1980-களில் சோதித்தது இதைத்தான். 33 பண்புச் சொற்களைக் கொடுத்து, தன்னைப் பற்றி நினைக்கும்போது எவையெல்லாம் சேர்ந்து வருமோ அப்படிப் பிரிக்கச் சொன்னார். ஒன்றோடொன்று கலக்காத பல பகுதிகளாகத் தன்னைப் பார்த்தவர்கள், மன அழுத்தம் மிகுந்த காலத்துக்குப் பின் மனச்சோர்வும் உடல் உபாதைகளும் குறைவாகவே இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் பின்வந்த ஆய்வுகளை 2002-இல் திரட்டிப் பார்த்தபோது முடிவுகள் கலவையாகவே இருந்தன. எனவே ‘பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதும்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1993-இல் வந்த இன்னோர் ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது: ஒவ்வோர் இடத்திலும் முற்றிலும் வேறு ஆளாக மாறுபவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் அதிகம். பகுதிகள் பலவாக இருக்கவேண்டும், எல்லாவற்றிலும் ஓடும் சரடு ஒன்றாக இருக்கவேண்டும்.

கோடு வராத வட்டம் ஒன்றையாவது உருவாக்குவதுதான் முதல் வேலை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். அதில் மூன்று நிபந்தனைகள் பார்க்கவேண்டும். அங்கிருப்பவர்களுக்கு உங்கள் தொழிலோ பதவியோ பெரிதாகத் தெரியக் கூடாது. கையோ உடம்போ ஈடுபடும் செயலாக இருந்தால் நல்லது. யோசனைகளுக்கு வெளியே மனம் ஓய்வெடுக்க அது இடம் தரும். மூன்றாவது, அதை அளக்கக் கூடாது. இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். ஓடத் தொடங்கிய மாதமே நேரத்தைப் பதிந்து, ஒப்பிட்டு, பதக்கம் தேடி, ‘போட்டியில் முந்துவது’ என்ற பழைய தூணின்மேலேயே புது வட்டத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் முழங்கால் வலி வந்தால் அதுவும் ஓர் அடியாகிவிடும்.

சரடு

பல பகுதிகளை இணைக்கும் சரடு நம் விழுமியங்கள், அதாவது எப்படி வாழவேண்டும் என்று நாம் உயர்வாக மதிப்பவை. இலக்குக்கும் விழுமியத்துக்கும் வேறுபாடு உண்டு. ‘மேலாளர் ஆவது’ இலக்கு, கைநழுவிப் போகலாம். ‘கூட வேலை செய்பவர்களை வளர்த்துவிடுவது’ விழுமியம், எந்தப் பதவியிலும் இன்றைக்கே செய்யலாம். வேலையே போனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அதைச் செய்யலாம். யாராலும் பறிக்க முடியாதது என்பதால்தான் இதன்மேல் நிற்கச் சொல்கிறோம்.

1988-இல் உளவியலாளர் க்ளாட் ஸ்டீல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த பயிற்சி ஒன்று இதற்கு உதவும். பத்துப் பன்னிரண்டு விழுமியங்களை எழுதி, அதில் மிக முக்கியமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது உங்களுக்கு ஏன் முக்கியம், எப்போது அதன்படி நடந்தீர்கள் என்று 10 முதல் 15 நிமிடம் எழுதுங்கள். எழுத்துப்பிழை, நடை எதையும் பார்க்கவேண்டாம். இரண்டு விஷயங்கள் தவறினால் இந்தப் பயிற்சி வேலை செய்யாது. ஒன்று, நேரம்: நேர்காணல், தேர்வு முடிவு, கடினமான பேச்சு ஆகியவற்றுக்கு முன்னால் எழுதவேண்டும். அடி விழுந்து, மனம் சாக்குகளைக் கட்டி முடித்த பிறகு எழுதினால் பெரிதாகப் பயன் இருக்காது. இரண்டு, தலைப்பு: எந்தத் துறையில் அடி வரக்கூடுமோ அதற்கு வெளியே உள்ள விழுமியத்தை எடுங்கள். தேர்வுக்கு முன்னால் ‘அறிவு’ பற்றி எழுதினால் பயம்தான் பெருகும். நட்பைப் பற்றி எழுதுங்கள்.

‘நான் வெற்றியாளன், நான் அன்புக்குரியவள்’ என்று கண்ணாடி முன் சொல்லிக்கொள்வது இதுபோன்றதாகத் தோன்றலாம். அது வேறு. 2009-இல் ஜோன் வுட் குழுவினர் கனடாவில் செய்த ஆய்வில், ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்ற வாக்கியத்தை நான்கு நிமிடம், மணி ஒலிக்கும்போதெல்லாம் மனத்துக்குள் சொல்லச் சொன்னார்கள். சுயமதிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்கு, அதைச் சொல்லாதவர்களைவிட மனநிலை மோசமானது. காரணத்தை ஊகிக்க முடிகிறது: நம்ப முடியாத வாக்கியத்தைச் சொல்லும்போது, அதற்கு எதிரான சான்றுகளை மனம் வரிசையாக நீட்டுகிறது. மிகவும் தேவைப்படுபவர்களையே இது காயப்படுத்துகிறது என்பது எனக்குப் பெரும் வருத்தம். நம்பக்கூடிய அளவுக்குச் சின்ன வாக்கியம் போதும்: ‘இன்று கடினமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னபடி பத்து நிமிடம் நடந்தேன்.’

தன்மேல் நம்பிக்கை வருவதற்குத் தனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிப் பழகுவதே வழி. வாக்கு சின்னதாக, நேரமும் இடமும் சேர்ந்ததாக இருக்கட்டும். ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்பது உடையும். ‘பல் துலக்கியதும் ஜன்னலருகே உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பேன்’ என்பது நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு வாக்குதான். ஒருநாள் விட்டால் மறுநாள் அதே அளவில் தொடருங்கள். ஈடுகட்ட இரட்டிப்பாக்கினால் மூன்றாம் நாள் மொத்தமாக நின்றுபோகும்.

விமர்சனம் வரும்போது

விமர்சனம் வந்தால் சொன்னவரின் வாக்கியத்தை அப்படியே, சொல் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். நம் நினைவு அதை இரவுக்குள் பெரிதாக்கிவிடும். ‘இந்த அறிக்கையில் மூன்றாம் பகுதி குழப்பமாக இருக்கிறது’ என்பது ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்று மாறியிருக்கும். பிறகு அது எதைப் பற்றியது என்று குறியுங்கள்: இந்த ஒரு வேலையா, ஒரு திறமையா, ஒரு பழக்கமா, உங்கள் முழு ஆளுமையா? சொன்னவர் அந்த வேலையை முழுதாகப் பார்த்தவரா, உங்கள் நன்மையில் அக்கறை உள்ளவரா? ஒரு நாள் கழித்து, செய்யவேண்டியது ஏதாவது இருந்தால் ஒரே ஒன்றை எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் தாளை மூடிவிடுங்கள்.

இரவில் அசைபோடுவது தனிப் பிரச்சினை. ‘ஏன் எனக்கு மட்டும்’, ‘நான் ஏன் இப்படி’ என்ற ‘ஏன்’ கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்து சோர்வை நீட்டிக்கும். ‘அடுத்து என்ன’, ‘எப்போது’ என்று மாற்றிக் கேட்டால் சுற்று உடைய வாய்ப்பு உண்டு. தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, நெருங்கிய நண்பரிடம் பேசுவதுபோல் ‘நீ’ என்று மனத்துக்குள் பேசுவதும் உதவும். ஈதன் க்ராஸ் குழுவின் 2014 ஆய்வில், இப்படி விலகி நின்று பேசியவர்கள் மேடைப்பேச்சு போன்ற அழுத்தங்களுக்குப் பின் குறைவாகவே அசைபோட்டார்கள். தூக்கமில்லாத நள்ளிரவில் தன்னைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதவேண்டாம். குறித்து வைத்துக் காலையில் பாருங்கள்.

இது போதாத இடங்கள்

தினமும் அவமதிக்கும் மேலாளர், அடிக்கும் துணை, மிரட்டும் உறவு இருக்கும் இடத்தில் இந்தப் பயிற்சிகளைச் சொல்லி ‘தாங்கிக்கொள்’ என்பது அநியாயம். அங்கே மாறவேண்டியது சூழ்நிலை. முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதேபோல, கிட்டத்தட்ட எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்துக் கிடந்தாலோ எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, கூடவே தூக்கமோ பசியோ மாறியிருந்தாலோ மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரை உடன் வைத்துக்கொண்டு அவசர உதவியை நாடவேண்டும். முதல் சந்திப்பில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பலர் ‘ஒன்றுமில்லை, கொஞ்சம் டென்ஷன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், சாப்பாடு எப்படி இருக்கிறது, முன்பு செய்துவந்ததில் எதையெல்லாம் நிறுத்திவிட்டீர்கள். பேச வராவிட்டால் அந்தத் தாளை அப்படியே நீட்டலாம்.