மாலையில் ஏறிய ஆறு

யாரிடமும் கேட்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். மலைக்காட்டுக்குத் தனியாகப் போனதற்கு வேறு காரணம் கிடையாது. நண்பன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டான்: போகிற வழியை வரைபடத்தில் குறித்துக் கொடு, ஞாயிறு இரவு ஒன்பதுக்குள் உன் குரல் கேட்காவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிடுவேன். விடுதலை தேடிப் போகிறவனுக்கு வருகைப் பதிவேடா என்று எரிச்சல்தான் வந்தது. சரி என்று குறித்துக் கொடுத்தேன்.

முதல் இரண்டு நாள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நடந்தேன், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தேன், தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை ஓர் ஆற்றைக் கடந்தேன். முழங்கால் அளவுதான். மறுநாள் பிற்பகல் திரும்பி வந்தால் அதே இடத்தில் தொடைக்கு மேல் தண்ணீர், கலங்கலாக. அடியில் கற்கள் உருளும் சத்தம் வேறு. பனி உருகி வரும் ஆறு அது. பகல் வெயிலில் உருகுவது பிற்பகலில், மாலையில்தான் கீழே வந்து சேரும். விடியற்காலையில் நீர் குறைந்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். காட்டில் தனியாக வாழப் போன அமெரிக்க இளைஞர் கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸுக்கு நடந்ததும் தெரியும்: 1992 ஏப்ரலில் அலாஸ்காவில் அவர் கடந்துபோன டெக்லனிகா ஆறு, ஜூலையில் திரும்பும்போது பெருக்கெடுத்து வழியை அடைத்தது, ஆகஸ்டில் இறந்துபோனார். தெரிந்தும் இறங்கினேன். நேற்று கடந்த ஆறுதானே என்ற நினைப்பு.

முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்கியது ஒன்றுதான் அன்று நான் செய்த உருப்படியான காரியம். பத்தடி போயிருப்பேன், கால் வழுக்கியது. பட்டை கட்டியிருந்தால் பை என்னைக் குப்புற அமுக்கியிருக்கும். தோளிலிருந்து நழுவிய பையைப் பிடித்துக்கொண்டே உருண்டு, இறங்கிய கரையிலேயே கொஞ்சம் கீழே ஒதுங்கினேன்.

அப்புறம் நடுக்கம். சட்டைப் பொத்தானுக்கு விரல் வளையவில்லை. பல்லால் இழுத்துப் பிய்த்தேன். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் யோசனையும் தடுமாறத் தொடங்கும் என்பதால், யோசிக்க முடிகிறபோதே எல்லாவற்றையும் செய்துவிட அவசரப்பட்டேன். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருந்த கம்பளி உடையும் தூக்கப்பையும் நனையாமல் இருந்தன. உள்ளே புகுந்து சுருண்டுகொண்டேன். ஞாயிறு இரவு ஒன்பதுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். எரிச்சல்பட்டேனே, அதே கெடு.

விடியலில் நீர் இறங்கியிருந்தது. மேலே நடந்து, ஆறு அகலமாகப் பிரிந்து ஓடும் இடத்தில், நீர்வரத்தைப் பார்த்து நின்று, கம்பை ஊன்றிப் பக்கவாட்டில் அடி அடியாகக் கடந்தேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு சிக்னல் கிடைத்தது. எடுத்ததுமே நண்பன், "இன்னும் மூணு மணி நேரம் இருக்கேடா" என்றான்.