மகளுக்கு ட்ரம்ஸ்: பழசா, புதுசா?

2 ஜூன் 2024, ஞாயிறு

கிளாஸ் முடிந்ததும் ட்ரம்ஸ் மாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், பாப்பாவுக்கு இனிமே ரப்பர் பேடு பத்தாது. கை ரெண்டும் நல்லா ஓடுது, கால்தான் தூங்குது. வீட்ல செட்டு இருந்தாத்தான் கிரேடு பரீட்சைக்கு உக்கார வைக்க முடியும்." விஷயம் சரிதான். வலது கால் பேஸ் ட்ரம்மை அடிக்கணும், இடது கால் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டை மூடித் திறக்கணும். ரப்பர் பேடில் இரண்டு காலுக்கும் வேலையே கிடையாது.

வீட்டில் சொன்னேன். "பொறுத்ததுதான் பொறுத்த, ஆடித் தள்ளுபடியில வாங்கிக்கய்யா" என்றார் அம்மா. ட்ரம்ஸுக்கு ஆடித் தள்ளுபடி போடுகிற கடையை நான் பார்த்ததில்லை. மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "எங்க வைக்கப் போறீங்க?" மொட்டை மாடியில் தகரம் போட்ட ரூம் இருக்கிறது. ஆனால் மத்தியான வெயிலில் அங்கே ஆளே நிற்க முடியாது. மெல்லிய பலகைகளைப் பசை வைத்து ஒட்டிச் செய்கிற ட்ரம் அங்கே எத்தனை கோடை தாங்கும்? முன்னறைதான் என்று முடிவானது. சோபா மாடிக்குப் போகிறது.

4 ஜூன், செவ்வாய்

பட்டறையில் எல்லார் கையிலும் செல்போன், ஓட்டு எண்ணிக்கை. ஆர்டரும் இல்லை. சீக்கிரம் கிளம்பி மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் புது செட் பார்த்தேன்.

ஐந்து பீஸ்: காலால் உதைக்கிற 22 இன்ச் பேஸ், மேலே மாட்டுகிற 10, 12 டாம், தரையில் நிற்கிற 16 ஃப்ளோர் டாம், முழங்காலுக்கு நடுவே வைக்கிற 14 ஸ்நேர். சிவப்பு மினுமினுப்பு. ஸ்டாண்டு, பெடல், உட்காருகிற ஸ்டூல், இரண்டு வகை சிம்பல் தட்டு எல்லாம் சேர்த்து 52,000 சொன்னார்கள். மரம் பாப்லர். ஆரம்ப விலை செட்டுகளில் பெரும்பாலும் இந்த மரம்தான். மென்மையானது, எடை குறைவு, மலிவு. அதற்கு மேல் போனால் பர்ச், அதற்கும் மேல் மேப்பிள். பாப்லர் என்றால் மட்டம் என்று இல்லை, நல்ல தோல் போட்டால் கேட்கிற மாதிரியே பேசும் என்கிறார் மாஸ்டர்.

எனக்குக் கண் போனது இரும்பில். லேத்தில் இத்தனை வருஷம் நின்றவனுக்கு வேறு எங்கே போகும்? ஸ்டாண்டின் கால்கள் ஒற்றைத் தகடு. சிம்பலைத் தூக்கி ஓரத்தைத் தட்டினேன், பித்தளை. செம்போடு துத்தநாகம் சேர்ந்தது. நல்ல சிம்பல் செம்போடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம்: நடுத்தரத்தில் வெள்ளீயம் 8 சதவீதம், உயர்தரத்தில் 20. இந்த இருபது சதவீதக் கலவை கோயில் மணிக்கு வார்க்கிற வெண்கலத்துக்கு ரொம்பப் பக்கம். பித்தளை சிம்பல் சத்தம் போடும், நின்று ஒலிக்காது.

கடைத் தம்பி நேர்மையானவர். "சார், இந்த சிம்பலை ஒரு வருஷத்துல மாத்தத்தான் செய்வீங்க" என்று அவரே சொன்னார்.

7 ஜூன், வெள்ளி

எலக்ட்ரானிக் செட் பற்றி இரண்டு வரி போதும். ஹெட்போன் மாட்டினால் வலைத்தோலில் குச்சி விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று நினைத்தோம். பெடல் உதைக்கிற அதிர்வு தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும் என்று மாஸ்டர் சொன்னார். எங்களுக்குக் கீழ்வீடு இல்லை, அது பரவாயில்லை. ஆனால் உள்ளே இருக்கிற போர்டு போனால் நான் என்ன செய்ய? இரும்பு, மரம் என்றால் பார்த்துக்கொள்வேன். வேண்டாம்.

9 ஜூன், ஞாயிறு

மேலூர் பக்கம் ஒரு கச்சேரிக் குழுவின் பழைய செட். இப்போதெல்லாம் திருவிழாக் கச்சேரிகளில் எலக்ட்ரானிக் ரிதம் பேடு வந்துவிட்டது, ஒரே ஆள் பைக்கில் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார். அதனால் இந்த மாதிரி செட்டுகள் ஊருக்கு ஊர் தூங்குகின்றன. விலை 12,000. கேட்டதும் மகள் முகம் மலர்ந்தது.

போய்ப் பார்த்தால் மாட்டுக் கொட்டகைப் பரண். தோலைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். வளையமும் தோலும் இருந்தால்தான் கூடு வட்டமாக நிற்கும். வெறுமனே கிடந்தால் எடை அழுத்தி முட்டை வடிவம் ஆகிவிடும். 12 இன்ச் டாமை டேப் வைத்து ஒரு பக்கம் அளந்தேன், குறுக்கே அளந்தேன், அரை இன்ச்சுக்குப் பக்கம் வித்தியாசம். பேஸ் ட்ரம்முக்குள் மாவு கொட்டியிருந்தது, சின்னச் சின்ன ஓட்டை. உளுத்துவிட்டது. பெரியவர் மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் மகள் பேசவில்லை.

10 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. சீருடை, நோட்டு, ஆட்டோ. ட்ரம்ஸ் பேச்சு இல்லை.

13 ஜூன், வியாழன்

பழங்காநத்தத்தில் ஒரு தம்பி. காலேஜில் பேண்டு வைத்திருந்தவர், வேலை பெங்களூரில், வீட்டைக் காலி செய்கிறார். ஜப்பான் கம்பெனி செட், பர்ச் மரம், பத்து வருஷம் பழசு. 35,000 சொல்கிறார். போட்டோவில் அழகாக இருக்கிறது. போட்டோவில் எதுதான் அழகாக இல்லை?

மாஸ்டரிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். "தோல் கிழிஞ்சிருந்தா கவலைப்படாதீங்க, அது எப்படியும் மாத்துறதுதான். பெடல் லொடலொடன்னா பரவாயில்ல. கூடு வட்டமா இருக்கா, விளிம்பு சரியா இருக்கா, அதை மட்டும் பாருங்க. அந்த ரெண்டும் போச்சுன்னா யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது."

யாராலும் என்று அவர் சொன்னதில் எனக்குச் சின்னச் சந்தேகம் உண்டு. ஆனாலும் நியாயமான பேச்சு.

15 ஜூன், சனி

தம்பியிடம், "ஒரு நாள் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டுத் தரட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அட்வான்ஸ் அஞ்சாயிரம் வச்சுட்டுக் கொண்டுபோங்கண்ணே" என்றார். குட்டி யானை பிடித்துக் கப்பலூர் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். சனிக்கிழமை என்பதால் அரைநாள் வேலை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன், அவரும் நின்று பார்த்தார்.

ட்ரம் கூட்டின் மேல்விளிம்பைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள், பெரும்பாலும் 45 டிகிரி. தோல் மரத்தைத் தொடுகிற இடம் அந்த நூல்கோடு மட்டும்தான். அதில் மேடுபள்ளம் இருந்தால் என்ன முடுக்கினாலும் சுருதி நிற்காது. வீட்டில் பார்ப்பவர்கள் கண்ணாடி மேஜையில் கூட்டைக் கவிழ்த்து, உள்ளே லைட் போட்டு, இருட்டில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். எங்களிடம் மட்டம் பார்க்கிற சர்ஃபேஸ் பிளேட் இருக்கிறது: 630-க்கு 630 மில்லி கிரானைட், ஃபிட்டர் அண்ணன் தவிர யாரையும் கைவைக்க விடமாட்டார். பழைய துணி விரிக்கலாமா என்று கேட்டவனை முறைத்தார். துணி விரித்தால் எதை அளப்பது?

22 இன்ச் என்றால் 559 மில்லி. பேஸ் ட்ரம் பிளேட்டில் அளவாக உட்கார்ந்தது. இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விளிம்பைச் சுற்றி நுழைத்துப் பார்த்தோம். 10, 12 இரண்டிலும் எங்குமே நுழையவில்லை. பேஸில் ஓரிடத்தில் 0.2 மில்லி. ஃப்ளோர் டாமில் ஒரு சின்னச் சிதைவு, யாரோ தோல் மாற்றும்போது கீழே போட்டிருக்கிறார்கள்; நகம் அகலம். தோலை வைத்துச் சுற்றினால் எல்லாக் கூட்டிலும் தடையில்லாமல் சுற்றியது. வட்டம் சரி.

ஃபிட்டர் அண்ணனுக்குச் சொந்த ஊர் சோழவந்தான், கோயில் கொடைகளில் தவில் வாசித்தவர். கூட்டை விரல்மூட்டால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "பலாக்கட்டையைக் குடைஞ்சதுன்னா முழு மரம், இது ஆறேழு ஏடு ஒட்டினது. ஆனா ஏடு விடல, சத்தம் ஒண்ணா வருது" என்றார். பறையைக் காய்ச்சுகிற மாதிரி இதைக் காய்ச்ச வேண்டாமா என்று கேட்டான் புதுப் பையன். கன்றுத்தோல் இருந்த காலத்தில் மழைக்காற்று பட்டாலே இந்தத் தோலும் தொய்ந்ததுதான். 1957 வாக்கில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் படலத்தில் தோல் செய்ய ஆரம்பித்தார்கள், அத்தோடு அந்தத் தொல்லை போனது. பேர்தான் இன்னும் தோல்.

அடுத்தது மரை. பெரும்பாலான ட்ரம்களில் முடுக்குகிற போல்ட் 12-24 என்ற இன்ச் அளவு: விட்டம் 5.5 மில்லிக்கு மயிரிழை குறைவு, இன்ச்சுக்கு 24 புரி. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற எம்-5 ஆடும், எம்-6 நுழையாது. நுழையாததை நுழைத்தே தீருவேன் என்று ஒருவர் ஃப்ளோர் டாமில் ஓரிடத்தில் எம்-6 ஏற்றியிருக்கிறார். புரி முழுதும் மழுங்கிவிட்டது. இதற்குத்தான் லேத் இருக்கிறது. உள்ளே இருப்பது தனி நட்டு, கழற்றி வேறு போடலாம்.

சிம்பல்களில், ஓங்கி அடிக்கிற கிராஷின் விளிம்பில் விரல் நீள வெடிப்பு. வெடிப்பின் நுனியில் சின்ன ஓட்டை போட்டால் அங்கேயே நிற்கும், வார்ப்பில் நாங்கள் செய்வதுதான். பற்றவைக்கக் கூடாது, சூடு பட்டால் பதம் போய்விடும். தாளத்துக்குத் தொடர்ந்து தட்டுகிற ரைடின் நடு ஓட்டை சாவித்துவாரம் மாதிரி ஆகியிருந்தது, நைலான் குழாய் போடாமல் இரும்பிலேயே உரசவிட்டதால். இந்த இரண்டையும் விலையில் சேர்க்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லணும்.

16 ஜூன், ஞாயிறு

மகளை உட்கார வைத்து இரண்டையும் வாசிக்கச் சொன்னேன். காலையில் கடையில் புதுசு, சாயங்காலம் பட்டறையில் பழசு. கடையில் சிவப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பட்டறையில் ஸ்நேரை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தாள். "அப்பா, இது மெதுவா அடிச்சாலும் பதில் சொல்லுது."

கறுப்பு நிறம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டாள்.

18 ஜூன், செவ்வாய்

மனைவி கணக்கு போட்டாள். தம்பி 28,000-க்கு இறங்கிவிட்டார், சிம்பலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேல் தோல்கள் புதுசு, 7,500. அடித்தோல் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். பெடல் 5,000. வெண்கல சிம்பல் செட், 8 சதவீதம், 15,000. வண்டி வாடகை தனி.

"ஆக அம்பத்தஞ்சாயிரத்து ஐந்நூறு. புதுசு அம்பத்திரெண்டு. பழசு வாங்கி மிச்சம் பிடிக்கிறீங்களாக்கும்?"

அவள் சொல்வது கணக்கில் சரி. புதுசில் கேரண்டி உண்டு, எல்லா நட்டும் பொருந்தும், ஒருநாளில் வேலை முடியும். லேத் பக்கம் போகாத வீடு என்றால் நானே புதுசைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் புதுசை வாங்கினாலும் அடுத்த வருஷம் அதே 15,000-க்கு சிம்பல் வாங்கணும். அப்போது கையில் இருப்பது பாப்லர் கூடும் ஒற்றைத்தகடு ஸ்டாண்டும். இதில் இருப்பது பர்ச் கூடும் இரட்டைத்தகடு ஸ்டாண்டும். மிச்சம் பிடிக்கவில்லை, அதே காசுக்கு ஒரு படி மேலே வாங்குகிறேன். இதைச் சொன்னபோது அவள் ஒத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "ஆனி முடியுறதுக்குள்ள கொண்டு வந்துரு" என்றார் அம்மா. தள்ளுபடிப் பேச்சு போய்விட்டது.

22 ஜூன், சனி

மரை வெட்டுகிற 12-24 டேப் மதுரையில் நான் விசாரித்த கடைகளில் இல்லை, தபாலில் வந்தது. பித்தளைக் கம்பியில் நட்டு கடைந்து, 4.5 மில்லி டிரில் விட்டு, டேப் அடித்தேன். கையால் சுற்றினாலே போல்ட் கடைசி வரை இறங்கியது. கூடுதலாக நான்கு செய்து வைத்திருக்கிறேன். ஃப்ளோர் டாமின் சிதைவில் பிசின் நிரப்பி எண்ணெய்க்கல்லால் தேய்த்தார் ஃபிட்டர் அண்ணன். காசு வாங்க மறுத்துவிட்டார், பருத்திப்பால் மட்டும்.

29 ஜூன், சனி

செட் முன்னறைக்கு வந்துவிட்டது. கீழே பழைய கம்பளம், இல்லாவிட்டால் பேஸ் ட்ரம் உதைக்க உதைக்க வாசலுக்கே நடந்துவிடும். கோட்டிங் இல்லாத இடத்தில் புதுத்தோலை மைக்ரோமீட்டரில் அளந்தேன், 0.25 மில்லி, பெட்டியில் 10 மில் (மில் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று போட்டிருப்பதும் அதுதான். முடுக்குவது எனக்குத் தெரிந்த வேலை, கார் சக்கர நட்டு மாதிரி எதிரெதிராக. சுருதி எனக்குத் தெரியாத வேலை. ஒவ்வொரு போல்ட் பக்கமும் தட்டி, "ஏத்துங்க, போதும், அய்யோ இறக்குங்க" என்று மகள் சொல்லச் சொல்ல நான் சாவியைத் திருப்பினேன்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் முன்கூட்டியே பேசியாகிவிட்டது: சாயங்காலம் ஐந்து முதல் ஆறு, ஞாயிறு விடுமுறை. அவர் கேட்டது ஒன்றுதான், பரீட்சை பேப்பர் திருத்துகிற வாரத்தில் கிடையாது.

30 ஜூன், ஞாயிறு

ஹை-ஹாட்டின் மேல் சிம்பலைப் பிடிக்கிற கிளட்ச் மரை கழன்று கிடக்கிறது, நான் கவனித்திருந்த பட்டியலில் இது ஏற்கெனவே உண்டு. புதுசு 600 ரூபாய், புதன்கிழமை கூரியரில் வரும். கடைந்துவிடலாமா என்று பார்த்தேன், அந்த விலைக்கு வேண்டாம். அதுவரை மேல் சிம்பல் கீழ் சிம்பலிலேயே படுத்திருக்கும். மூடிய ஹை-ஹாட் பாடம் மட்டும் வாசி என்று சொல்லியிருக்கிறேன். மாஸ்டர் கொடுத்த வீட்டுப்பாடமும் அதுதான் என்கிறாள்.