மின்விசை அடங்கிய ஆ-ஹா

நார்வேயின் ஆ-ஹா பாப் இசைக்குழு 2017 ஜூனில், கோடைப் பகல் நீண்டிருக்கும் நாட்களில், கிஸ்கே தீவில் ஒரு சின்னக் கூட்டத்தின் முன் வாசித்துப் பதிந்த ஆல்பம் 'எம்டிவி அன்பிளக்ட்: சம்மர் சால்ஸ்டிஸ்'. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அன்பிளக்ட் என்றால் மின்னணு வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு வாசிப்பது.

முதலில் 'டேக் ஆன் மீ'யைக் கேளுங்கள். அதுவும் 1985 பதிவைக் கேட்ட கையோடு. பழையதில் டிரம் மெஷினின் வேகமும் சின்தசைசர் மெட்டும்தான் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடும். இங்கே இரண்டும் இல்லை. வேகம் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். துள்ளல் போனதும், பிரிவின் தவிப்பு மேலே வந்துவிடுகிறது. பல்லவியின் கடைசியில் குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்கெட் ஏறும் அந்த உச்ச ஸ்வரத்தைக் கவனியுங்கள்: முழக்கமில்லை, மென்மையாகத் தொடுகிறார். மெதுவாகப் பாடும்போது மூச்சை அதிக நேரம் தாங்கவேண்டும். சுருதி சற்று பிசகினாலும் மறைக்க வாத்தியச் சத்தம் கிடையாது. என்னைக் கேட்டால், வேகமாகப் பாடுவதைவிட இதுவே கடினம்.

விருந்தினராகப் பாடியவர்களில் ஆங்கிலப் பாடகி அலிசன் மோயெட்டின் கனத்த குரல்தான் என் தேர்வு. 'சம்மர் மூவ்ட் ஆன்' பாட்டில் ஹார்கெட்டின் மெல்லிய குரலுக்கு அது நல்ல அடித்தளம்.

கேட்கும் செயலியில் கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கைத்தட்டல் அடங்கும் முன்பே அடுத்த பாட்டு அதன்மேல் ஏறிவிடும். ஷஃபிளும் வேண்டாம். ஹெட்ஃபோன் இருந்தால் கிட்டார் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்கும்.