வம்ப மாரி நாட்கள்

ஏப்ரல் 28, 2025, திங்கள்

நாலரை மணிக்கு மேற்கே கருத்தது. காலையிலிருந்து வேகாத வெயில். அதை நம்பி மொட்டை மாடியில் வேட்டி விரித்து அரிசி வடகம் பிழிந்து வைத்திருந்தோம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்து புழுதியை ஒரு சுற்றுச் சுற்றியது, அவ்வளவுதான், மழை பிடித்துக்கொண்டது. நானும் மகளும் வேட்டியை நாலு முனையிலும் பிடித்துப் படியிறங்குவதற்குள் பாதி வடகம் கூழாகிவிட்டது. அத்தை ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், நின்றுகொண்டு இடி இடிக்கும்போதெல்லாம் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றார். எங்களைப் பார்த்து, "வடகம் போனாப் போவுது கண்ணு, மண்ணு குளுந்துச்சே, அது போதும்" என்றார்.

அரை மணி நேர மழைதான். இரவு விளக்கைச் சுற்றி ஈசல். வாசல் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்று உ.வே.சாமிநாதையர் மறைந்த நாள். 1942இல் இதே தேதியில், திருக்கழுக்குன்றத்தில். குறுந்தொகைக்கு அவர் உரையெழுதிப் பதிப்பித்தது 1937இல். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அந்தக் குறுந்தொகை முழுவதும் இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கிறது என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பின் வேலை அது. சுவிட்சர்லாந்திலிருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளிலிருக்கும் தமிழர்கள் ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். ஆனைமலைக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில், கட்டுத்தரையில் மாடு அசைபோடும் சத்தத்துக்கு நடுவில், நான் படிக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு படி கம்பு கொடுத்தனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். கத்தரி வெயிலின் முதல் நாளே ராத்திரி நல்ல மழை.

மகள் வாசலில் நேரான பக்கமுள்ள தகர டப்பா ஒன்றை வைத்திருந்தாள். காலை எட்டரைக்கு ஸ்கேல் விட்டு அளந்தாள், 32 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி ஆயிரம் சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். நோட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்: "அம்மா, மாடியில மட்டும் மூவாயிரம் லிட்டர்கிட்ட விழுந்திருக்கு!" குழாய் வைத்துத் தொட்டிக்கு இறக்கவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரர் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்குக் காட்டுக்குப் போனார். ஓரிடத்தில் வெட்டி, மண்ணை ஒதுக்கி, ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்தார். மேலே கருப்பு, ஒரு சாண் கீழே போனால் வெளுத்த மண். இரண்டும் கோடு போட்டது போலப் பிரிந்திருந்தன. கருத்த மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டினார். உருண்டை நின்றது, விரலால் தட்டியதும் உதிர்ந்தது. "ஒரு உழவு மழை" என்றார். இங்கே மழைக்கு அதுதான் அளவு. அரை உழவு, ஒரு உழவு, ரெண்டு உழவு. டப்பா வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்கிறது. உழவு மண்ணுக்குள் போனதைச் சொல்கிறது. இரண்டையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். நாளைக்கு டிராக்டர் சொல்லியாயிற்று.

மே 9, வெள்ளி

மூன்று மணிக்கு இடி, மின்னல், கரண்ட் போனது. ராத்திரி பத்துக்குத்தான் வந்தது. ஆலங்கட்டியும் விழுந்தது, புளியங்கொட்டை அளவு. மகள் டம்ளரில் பொறுக்கி வந்து அத்தை கையில் வைத்தாள். அத்தை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

இன்றைக்குப் படித்த பாட்டை எழுதியே ஆக வேண்டும். குறுந்தொகை 66. ஐந்தே வரி. காட்டு வழியில் போன தலைவன் கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இது காரே இல்லையடி, இந்தக் கொன்றை மரம் ஒரு மடமரம், "வம்ப மாரியைக் காரென மதித்து"ப் பூத்துவிட்டது.

வம்ப மாரி! பருவம் தப்பிப் பெய்யும் மழைக்கு இப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. வம்பு என்றால் நமக்குச் சண்டை, அடுத்த வீட்டுப் பேச்சு. தொல்காப்பியம் உரியியலில் தேடினால் "வம்பு நிலையின்மை" என்று ஒரே வரி. நிலைக்காத மழை. வரும், ஊரைக் கலக்கும், போய்விடும். இத்தனை நாளாக எங்கள் வடகத்தைக் கரைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

எங்கள் வாசல் சரக்கொன்றை வழக்கமாகவே சித்திரையில்தான் பூக்கும். மழையில் சரம் சரமாக நனைந்து தொங்கிக்கொண்டிருக்கிறது, அடியில் மஞ்சள் பாய் விரித்தது போலப் பூ. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று பேருக்கும் பாட்டைச் சொன்னேன். மகள் உடனே, "அப்ப அந்தத் தோழி பொய்தானே சொல்றா? மரத்துக்குத் தெரியாதா எப்பப் பூக்கணும்னு?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் அத்தை, "சமாதானத்துக்குச் சொல்றா சாமி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தொடர்ந்தார். கல்யாணமான புதிதில் மாமா வால்பாறை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனாராம். வைகாசிக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. இவர் மலையையே பார்த்துக்கொண்டு நிற்க, இவருடைய நாத்தனார், "இன்னும் மலையில மழை வுடல அண்ணி, அதான் எறங்கல" என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பாராம். "மலை வெளிச்சமாத்தான் கெடந்துச்சு. எனக்குத் தெரியாதா? ஆனா அவ சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டேன்."

அதற்கு மேல் அந்தப் பாட்டுக்கு எனக்கு உரை வேண்டியிருக்கவில்லை.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. நிலா தெரியவில்லை. பொங்கல் வைத்து, மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டோம்.

மே 16, வெள்ளி

தென்னந்தோப்புக்குள் போய்ச் சுற்றி வந்தேன். இந்த மழையில் எனக்கு மிகவும் நிம்மதி தந்தது கழுவிய ஓலைதான். சுருள் வெள்ளை ஈ வந்த பிறகு எங்கள் ஓலைகள் பச்சையாக இருந்த நாள் குறைவு. 2016இல் இந்தியாவிலேயே முதன்முதலாக அதைக் கண்டுபிடித்தது இந்தப் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன் போலக் கழியும். அந்தப் பிசின் கீழோலையில் சொட்டி, அதில் கரும்பூசணம் பிடிக்கும். மரத்துக்கடியில் நின்றால் சேலையெல்லாம் பிசுபிசுக்கும். நாலைந்து நல்ல மழைக்குப் பிறகு இன்று ஒரு தாழ்ந்த மட்டையைப் பிடித்துப் பார்த்தேன். கருப்பு, பாத்திரத்தில் பிடித்த கரி போலத் தோல் தோலாக உரிந்து வந்தது. அடியில் புதுப் பச்சை.

வேர்வாடலுக்கு இந்த மழையும் ஒன்றும் செய்யாது. வடக்கு வரிசையில் ஆறு மரங்களில் ஓலையின் கீற்றுகள் தொய்ந்து, விலா எலும்பு போல உள்நோக்கி வளைந்துவிட்டன. கேரளத்தில் 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் பார்த்த நோய். பூச்சி வழியாகப் பரவுகிறது. மருந்து கிடையாது, வந்த மரத்தை எடுத்துவிட வேண்டும். அந்த ஆறும் மாமா வைத்தவை. வீட்டுக்காரர் வெட்ட ஆள் சொல்வதாகச் சொல்லிச் சொல்லி மூன்று வாரமாகிறது. நானும் கேட்கவில்லை.

மே 19, திங்கள்

ராத்திரி முழுக்கச் சோனை. பழைய வீட்டுப் பகுதியில் ஓடு விலகி ஒழுகியிருக்கிறது. கீழே மாமாவின் தகரப்பெட்டி. காலையில்தான் பார்த்தோம். பத்திரங்கள் பிளாஸ்டிக் பையில் இருந்ததால் தப்பின. அடியில் உரக்கடைகளில் இனாமாகக் கொடுக்கும் டைரிகள் பதினொன்று, நனைந்து ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மாமா கணக்கு நோட்டு என்று நாங்கள் நினைத்திருந்தவை.

கணக்கு இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. "சித்திரை 22. ஒரு உழவு மழை. தெக்காலக் காட்டுல ரெண்டு ஏர்." "வைகாசி 3. காத்து. மழை இல்லை. செவலை கன்னு போட்டது." "வைகாசி 9. அரை உழவு. கெணத்துல எட்டுப் படி தண்ணி." ஏழாவது வகுப்போடு படிப்பை விட்டவர். எழுதினார் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தைக்கும்.

மே 21, புதன்

இரண்டு நாளாக இதே வேலை. வெயிலில் போட்டால் தாள் மொரமொரத்து நெளிந்துவிடும். அதனால் ஆசாரத்தில் மின்விசிறிக்கு அடியில் டைரிகளைப் பிரித்து நிறுத்தி, பத்துப் பக்கத்துக்கு ஒரு துண்டு செய்தித்தாள் வைத்து, அது ஈரம் குடித்ததும் மாற்றுகிறோம். ஒட்டிய பக்கங்களை இழுக்கக்கூடாது, காயக் காயத் தானாகவே விடும். அத்தையின் விரல்தான் இதற்குச் சரி. முறுக்குமாவைத் தொட்டுப் பதம் பார்க்கும் விரல்.

மையால் எழுதியவை நீலமாகப் பரவி, சில பக்கங்கள் மழைக்கால வானம் மாதிரியே ஆகிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை அப்படியே இருக்கின்றன. இரண்டு டைரிகள் முழுக்கப் போய்விட்டன. மீதி ஒன்பதையும் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுக்கிறேன். இதுவரை 640 பக்கம்.

புரியாத சொல் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் தேடுகிறேன். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த இன்னொரு பொக்கிஷம் அது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை, சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. மாமா ஓரிடத்தில் "சோனை, நாலு நாளு" என்று எழுதியிருக்கிறார். தேடினேன். விடாமழை என்றிருக்கிறது. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "பின்ன? அவரு தப்பா எழுதுவாரா?" என்றார்.

மே 24, சனி

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்துவிட்டது. வழக்கமாக ஜூன் 1. எட்டு நாள் முன்னதாக வந்திருக்கிறது, 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். ஆக, இனிமேல் பெய்வது வம்ப மாரி இல்லை, காரேதான். மலை முழுக்க மூடிக்கிடக்கிறது. துணி காயவில்லை, விறகு புகைகிறது, மாட்டுக்குச் சோளத்தட்டுப் போரின் மேல் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருக்கிறோம். ரசமும் சுட்ட அப்பளமும்.

மே 28, புதன்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறது. கம்பளி எடுத்துப் போர்த்தினோம்.

மே 31, சனி

1981இல் இந்த இரவில்தான் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகள். நூலகம் என்ற பெயரிலேயே ஈழத் தமிழர்கள் 2005இல் தொடங்கிய இணைய நூலகத்தில் இன்று வெகுநேரம் இருந்தேன். பெரிய நூல்கள் மட்டுமில்லை. கோயில் மலர், பள்ளி மலர், துண்டுப் பிரசுரம், இறந்தவர் நினைவாக வீட்டார் அச்சிட்ட கல்வெட்டு, எதையும் சின்னது என்று தள்ளாமல் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு டைரி போனதற்கே வீட்டில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அந்தக் காலையில் எப்படி எழுந்து வெளியே வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

படமெடுத்து முடித்தேன். மொத்தம் 2,900 பக்கத்துக்கு மேல். தங்கை வீட்டுக் கணினியிலும் ஒரு படி வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சீருடை அரை ஈரம், அடுப்பின் மேல் காட்டிப் போட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி மகள் தான் பிறந்த தேதியைத் தேடிப் பிடித்தாள். காய்ந்த பிறகு பக்கம் மேடு பள்ளமாக இருந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. "பேத்தி பொறந்தா. ஆசுபத்திரிக்குப் போகையில சாரல். திரும்பையில ரெண்டு உழவு." அத்தையிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாள். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இன்று பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் டப்பாவை அளந்துவிட்டு, அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தெற்குக் காட்டுக்கு ஓடினாள். புது யூனிபார்ம், சேறாகும் என்று கத்தினேன், காதில் வாங்கவில்லை. நோட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்: "வைகாசி 19. 14 மி.மீ. அரை உழவு. கடலைக்குப் பதம் இருக்குன்னு அப்பா சொன்னார்."

விதைக் கடலை உடைக்க ஆள் வருகிறார்கள். காப்பி போட வேண்டும்.