எங்க காலேஜ்ல விலங்குரிமைப் படங்கள் போட்டது எப்படி

கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல நான் எம்.ஏ. மாஸ் காம் படிச்சப்ப, ஒரு செமஸ்டர் முழுக்க மாசம் ஒண்ணுன்னு விலங்குரிமை டாக்குமெண்டரிகளை வரிசையா போட்டோம், படம் முடிஞ்சதும் உக்காந்து பேசுவோம். வேற காலேஜ் பசங்க நிறைய பேர் எப்படி பர்மிஷன் வாங்குனீங்க, என்ன படம் போட்டீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு.

முதல்ல பர்மிஷன். ஹெச்ஓடி மேம் சரின்னுட்டாங்க, ஆனா பிரின்சிபால் சார் லெட்டர்ல "விலங்குரிமை"ங்கிற வார்த்தைய பார்த்ததுமே கேட்டது "பீட்டாவாம்மா நீங்க?"ன்னுதான். அவரை குறை சொல்லவே மாட்டேன், 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டு வேணும்னு, பீட்டாவை எதிர்த்து மெரினாவுல அத்தனை பேர் கூடுனதுக்கு அப்புறம் நம்ம ஊர்ல இந்த விஷயத்தை யார் பேசினாலும் முதல்ல வர்ற கேள்வி இதுதான். அதுக்கும் முன்னாடி 2003ல, 1950லயே போட்டு தூங்கிட்டிருந்த ஒரு சட்டத்தை எடுத்து கோயில்ல கிடா வெட்டக்கூடாதுன்னு சொன்னாங்க, கிராமத்துச் சனம் கொதிச்சுப் போச்சு, அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தையே ரத்து பண்ண வேண்டியதாச்சு. அதனால நம்ம ஆளுங்க மனசுல விலங்குகளுக்காக பேசுறதுன்னாலே மேல இருந்து எவனோ நம்ம சாமியையும் சோத்தையும் தடை பண்ண வர்றான்னுதான் பதிஞ்சிருக்கு. நீங்க காலேஜ்ல படம் போடணும்னா இதை முதல்ல புரிஞ்சுக்கணும், ஏன்னா எந்தப் படம், எந்த வரிசை, யார் பேசணும்னு எல்லாமே இதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

நாங்க லெட்டரை திருப்பி எழுதினோம். ருக்மிணி தேவி அருண்டேல்னா எல்லாருக்கும் கலாக்ஷேத்ராதான் ஞாபகம் வரும், ஆனா ராஜ்யசபாவுல விலங்குவதைக்கு எதிரா தனி மசோதா கொண்டுவந்தது அவங்கதான், 1960ல வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை போட்டதே அதுதான், 1962ல விலங்குகள் நல வாரியம் ஆரம்பிச்சப்ப முதல் தலைவரும் அவங்கதான். புளூ கிராஸ் 1959லயே சென்னையில ஆரம்பிச்சது. இதையெல்லாம் முதல் பாராவுலயே வச்சோம், இது எங்கிருந்தோ இறக்குமதி ஆன பேச்சு இல்லன்னு தெரியட்டும்னு. கூடவே என்எஸ்எஸ்ஸையும் ஜூவாலஜி டிபார்ட்மெண்டையும் சேர்த்துக்கிட்டோம். ஜூவாலஜி சார் உடனே வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு, லேப்ல விலங்குகளை அறுக்கிறதை நிறுத்தச் சொல்லி 2014லயே யூஜிசி சொல்லிடுச்சு, அவர் அதுக்கும் முன்னாடி வருஷக்கணக்கா தவளை அறுத்து சொல்லிக் கொடுத்தவர், அவருக்கே இதைப் பத்தி பேச நிறைய இருந்துச்சு.

ஆபீஸ்ல வேகமா கையெழுத்து வாங்கிக் கொடுத்தது என்னவோ காலேஜ் தரத்தை பார்த்துக்கிற ஐக்யூஏசி கமிட்டிதான். காலேஜுக்கு கிரேடு போட வர்ற நாக் குழுவோட விசிட்டுக்கு ஃபைல்ல வைக்க ஜியோடேக் போட்டோ, சர்க்குலர் காப்பி, அட்டெண்டன்ஸ் ஷீட், ஃபீட்பேக் ஃபார்ம் எல்லாம் நாங்களே பக்காவா ரெடி பண்ணித் தர்றோம்னு சொன்னதும் தேதி கிடைச்சுடுச்சு. இதை சும்மா ஃபார்மாலிட்டின்னு விட்டுடாதீங்க, ஒவ்வொரு தடவையும் மறுநாளே ரிப்போர்ட்டை கொடுத்துட்டா அடுத்த மாசம் யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. டைம் விஷயத்துலயும் உறுதியா இருங்க. டே ஸ்காலர்ஸ் பஸ் சாயங்காலம் கிளம்பிடும், ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு இன் டைம் இருக்கு, அதனால சாயங்காலம்னு வச்சா ஹாஸ்டல் பசங்க மட்டும்தான் இருப்பாங்க. மதியம் கடைசி ரெண்டு ஹவரை கேட்டு, படம் பார்க்க வர்றவங்களுக்கு அட்டெண்டன்ஸ் போகாம இருக்க ஓடியும் (ஆன் டியூட்டி) கேட்டு வாங்கினோம், அதுக்கப்புறம்தான் ஹால் நிறைஞ்சது.

அடுத்து படத்தோட உரிமை. யூடியூப்ல இருந்து இறக்கிப் போட்டுடலாம்னு எல்லாரும் நினைப்பாங்க, அப்படி பண்ணாதீங்க. காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல, கல்வி நிறுவனம் தன்னோட நடவடிக்கையா படம் போட்டா, பார்க்கிறவங்க ஸ்டாஃப், ஸ்டூடண்ட்ஸ், அவங்க பேரண்ட்ஸ், காலேஜ் வேலையில சம்பந்தப்பட்டவங்க மட்டும்னா அது மீறல் ஆகாதுன்னு இருக்கு. இதனாலதான் வெளிய இருந்து வர்றேன்னு கேட்ட நண்பர்களுக்கு முடியாதுன்னு சொன்னோம், டிக்கெட்டும் வைக்கல, ஸ்பான்சரும் வாங்கல. நெட்ஃபிளிக்ஸ் தன்னோட சில டாக்குமெண்டரிகளை கல்விக்காக காசு வாங்காம ஒரு தடவை போட்டுக்கலாம்னு அனுமதி எழுதி வச்சிருக்கு, அது எல்லா படத்துக்கும் கிடையாது, படத்தோட பேரைப் போட்டு தேடிப் பார்த்துக்கணும். 2018ல வந்த ஆஸ்திரேலிய டாக்குமெண்டரி 'டொமினியன்' மாதிரி சிலதை எடுத்தவங்களே இலவசமா திறந்து விட்டிருக்காங்க, அதெல்லாம் பிரச்சனையே இல்ல.

தமிழ் சப்டைட்டில் போட்டே ஆகணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். எங்க காலேஜ்ல பாதிக்கு மேல தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க, இங்கிலீஷ் நரேஷன் ஓடுறப்ப அவங்க படத்தை மட்டும் பார்த்துட்டு அதிர்ச்சியோட எழுந்து போனா என்ன பிரயோஜனம், ஏன் அப்படி நடக்குதுங்கிறதுதானே முக்கியம். நாலு பேர் உக்காந்து சப்டைட்டில் எடிட்ங்கிற சாஃப்ட்வேர்ல வரி வரியா எழுதினோம். டெக்னிக்கலா ஒண்ணு சொல்றேன், விஎல்சி பிளேயர்ல தமிழ் எழுத்து சில சமயம் வெறும் கட்டம் கட்டமா வரும், பிரிஃபரன்ஸ்ல சப்டைட்டில் ஃபாண்ட்டை நிர்மலா யூஐ இல்லன்னா லதான்னு மாத்தணும், ஃபைலை யூடிஎஃப்-8ல சேவ் பண்ணணும். அதை உங்க லேப்டாப்ல பார்த்தா பத்தாது, ஆடிட்டோரியத்துல இருக்கிற கம்ப்யூட்டர்ல முந்தின நாளே போட்டுப் பாருங்க. எங்க ஆடிட்டோரியத்தை பார்த்துக்கிற அண்ணன் ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் சாயங்காலம் பொறுமையா நின்னு ஸ்பீக்கர் வரைக்கும் செக் பண்ணிக் கொடுத்தார், "எழுத்து கடைசி ரோவுக்கு தெரியுதான்னு போய் உக்காந்து பாரு கண்ணு"ன்னு அவர்தான் அனுப்புவார்.

வரிசைய பத்தி சொல்லணும். ரத்தத்துல ஆரம்பிக்கவே கூடாதுங்கிறது என் உறுதியான அபிப்பிராயம். முதல் மாசம் 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலை தெப்பக்காடு முகாம், நம்ம ஊர் காடு, பேசுறதும் தமிழ், 2023ல ஆஸ்கர் வாங்கின படம், ஓடுறது முக்கால் மணி நேரம் கூட இல்ல. பார்த்துட்டு எல்லாரும் யானைக்குட்டி அழகுன்னு கிளம்பிடுவாங்களோன்னு இருந்துச்சு, ஆனா பேச ஆரம்பிச்சதும் பேச்சு கோயில் யானைக்கு போயிடுச்சு. பாண்டிச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022ல ரோட்லயே விழுந்து செத்துச்சே, அதுகிட்ட சின்ன வயசுல ஆசிர்வாதம் வாங்கினவ ஒரு பொண்ணு, அவ பேசினா. திருச்செந்தூர் தெய்வானை 2024 நவம்பர்ல பாகனையும் அவர் சொந்தக்காரரையும் மிதிச்சதை இன்னொருத்தன் எடுத்தான், யானை மேல கோவமாத்தான் ஆரம்பிச்சான், கடைசியில கூட்டமா வாழ வேண்டிய ஜீவனை தனியா கல்லுத்தரையில கட்டி வச்சா அதுக்கும் கஷ்டம் பாகனுக்கும் ஆபத்துன்னு அவனே சொன்னான். நான் வாயே திறக்கல.

ரெண்டாவது 'பிளாக்ஃபிஷ்'. 1983ல ஐஸ்லாந்து கடல்ல குட்டியா பிடிபட்ட திலிகம்ங்கிற ஓர்கா (கொலைத் திமிங்கலம்), 2017ல சாகுற வரைக்கும் தொட்டியிலயே இருந்துச்சு. இந்தப் படத்துல இருந்து எடுத்துச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கு, படம் 2013ல வந்தது, ஜனங்க எதிர்ப்பு ஏறிக்கிட்டே போய் 2016ல அதை வச்சிருந்த சீவேர்ல்ட்ங்கிற அமெரிக்க கடல் பூங்கா கம்பெனி ஓர்காவை இனப்பெருக்கம் பண்றதை நிறுத்துறோம்னு அறிவிச்சது. நம்ம நாட்டுல 2013லயே டால்ஃபின் காட்சிக்கூடம் வேணாம்னு மத்திய அரசு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி 1998ல சென்னை பக்கத்துலயே டால்ஃபினை கொண்டுவந்து ஷோ நடத்தி, சில மாசத்துலயே அதுங்க செத்துப்போன கதைய ஜூவாலஜி சார் சொன்னப்ப ஹால்ல யாருக்குமே அது தெரிஞ்சிருக்கல.

மூணாவது மாசம்தான் எனக்கு ரொம்ப முக்கியமானது. 'டொமினியன்' ரெண்டு மணி நேரப் படம், முழுசா போட்டா தாங்காது, ஆனா அது பன்னி, முட்டைக்கோழி, மாடுன்னு தனித்தனி அத்தியாயமா இருக்கும், அதுல முட்டைக்கோழி பகுதிய மட்டும் எடுத்தோம். போஸ்டர்ல ஜோக்கர் படத்துல நடிச்ச வாக்கீன் ஃபீனிக்ஸ் குரல் கொடுத்திருக்கார்னு பெருசா போட்டோம், அதுக்கே கூட்டம் வந்துச்சு. என்ன மாதிரி காட்சி வரும்னு படத்துக்கு முன்னாடியே தெளிவா சொன்னோம், கதவு ரெண்டையும் திறந்து வச்சோம், யார் எப்ப வேணா எழுந்து போகலாம், ஏன் போறேன்னு யாரும் கேட்கக்கூடாதுன்னு வாலண்டியர்ஸ்கிட்ட சொல்லிட்டோம். ஒவ்வொரு சீட்லயும் ஒரு ஏ4 பேப்பர் வச்சிருந்தோம். உக்கார வந்தவங்க எல்லாம் அதை கையில எடுத்துக்கிட்டு இதுல என்ன எழுதணும்னு கேட்டாங்க. எழுத ஒண்ணுமில்ல, கூண்டுல ஒரு முட்டைக்கோழிக்கு கிடைக்கிற இடம் இந்த பேப்பரைவிட கம்மி, அதுலதான் அது ஒரு வருஷத்துக்கு மேல நிக்குதுன்னு சொன்னோம். அப்புறம் படம் ஓடினப்ப நிறைய பேர் அந்த பேப்பரை மடியிலயே வச்சிருந்தாங்க.

படம் முடிஞ்சதும் நாமக்கல் பையன் ஒருத்தன் எழுந்தான், பி.காம் ரெண்டாம் வருஷம், வீட்ல கோழிப்பண்ணை. எங்க டீம்ல ரெண்டு பேர் கலவரமாகி என்னைப் பார்த்தாங்க. அவன் சண்டைக்கு வரல. குஞ்சு வாங்குறப்ப பொட்டைக் குஞ்சு மட்டும்தான் வரும், சேவக்குஞ்சு என்னாகுதுன்னு எங்கப்பாகிட்ட கேட்டதே இல்ல, அதுங்களை பிறந்ததுமே கொன்னுடுறதை இன்னைக்குத்தான் பார்த்தேன்னான். அலகு வெட்டுறதை சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன், அது வலிக்கும்னு யாரும் சொல்லலன்னான். அப்புறம் குரல் மாறி, தீவனம் விலை என்ன, முட்டை விலை தினம் என்ன ஏத்த இறக்கம், பேங்க் லோன் எவ்வளவு, கூண்டை எடுத்துட்டா எங்க குடும்பம் என்ன பண்ணும்னு கேட்டான், நியாயமான கேள்வி. 2017ல சட்ட ஆணையம் இந்த முட்டைக்கோழி கறிக்கோழி வளர்ப்பு விதிகளை பத்தியே தனியா 269வது அறிக்கை கொடுத்திருக்குன்னு சொன்னேன், மாறுற செலவை விவசாயி தலையில மட்டும் கட்டாம எப்படி மாறலாம்னு பேச்சு போச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மணி அடிச்சும் ஒரு கூட்டம் அவனை சுத்தி நின்னுட்டே இருந்துச்சு. நான் எத்தனை கூட்டம் போட்டிருந்தாலும் அந்தப் பையன் பேசின அளவுக்கு என்னால சொல்லியிருக்க முடியாது.

இதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன், படத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினா பேச்சுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, மைக்கை கூட்டத்துக்கு கொடுங்க.

நாலாவது மாசம் பால். இங்கதான் கஷ்டமான கேள்வி வந்துச்சு, நல்ல காலம் முன்னாடியே வந்துச்சு. என் கிளாஸ்மேட் ஒருத்தன் நேராவே கேட்டான், "அக்கா இது மாட்டுக்கறி திங்கிறவங்களை திட்டுற கூட்டம்னா நான் வரல, ஊர்ல அதை சொல்லித்தான் எங்களை தள்ளி வச்சாங்க." அவன் கேட்டது முழுக்க சரி. இந்த நாட்டுல மாட்டை காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டு மனுசனை அடிக்கிறவங்க இருக்காங்க, அந்தப் பேச்சோட நம்ம பேச்சு ஒரு நூல் கூட ஒட்டக்கூடாது. அதனாலதான் வெட்டுற இடத்துல ஆரம்பிக்காம, சுத்தபத்தமா சைவம்னு சொல்லிக்கிற வீட்டுலயும் தினம் காலையில காபியில இருக்கிற பால்ல ஆரம்பிச்சோம். சினை ஊசி போட்டு வருஷா வருஷம் கன்னு, ஜெர்சி கலப்புல காளைக்கன்னு பிறந்தா யாருக்கும் வேணாம், பால் வத்தின மாடு அடிமாடு. பால் குடிக்கிறவனும் அந்தச் சங்கிலியிலதான் இருக்கான், கறி திங்கிறவனை மட்டும் பாவின்னு சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. இதை மேடையிலயே சொன்னேன். அவன் வந்தான், கடைசி வரிசையில உக்காந்தான், கன்னு செத்துட்டா அதோட தோல்ல வைக்கோல் அடைச்சு தாய் முன்னாடி நிறுத்தி கறக்கிறதை அவங்க தெருவுல பார்த்ததை எழுந்து சொன்னதும் அவன்தான்.

ஜல்லிக்கட்டு பேசக்கூடாதுன்னு ஆபீஸ்ல கண்டிஷன் போட்டிருந்தாங்க, நாங்க எடுக்கல, கூட்டத்துல இருந்து வந்துச்சு. 2014ல சுப்ரீம் கோர்ட் தடை பண்ணது, 2017ல மாநிலம் சட்டம் திருத்தினது, 2023ல கோர்ட்டே அது செல்லும்னு சொன்னதுன்னு நடந்ததை மட்டும் வரிசையா சொன்னோம். ஜல்லிக்கட்டு இல்லன்னா நாட்டுக்காளைக்கன்னு எல்லாம் அடிமாட்டுக்குப் போயிடும்னு ஒரு மதுரைப் பையன் சொன்னான், அந்தக் கவலை உண்மைதான், ஆனா அதே கவலை ஜெர்சி கன்னுமேல ஏன் நமக்கு வரலன்னு கேட்டேன். அவனும் ஒத்துக்கல நானும் விடல, சத்தம் ஏறல.

இப்ப நடக்கிறது என்னன்னா, ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில பேசி முட்டை போடுற நாள்ல வேணாங்கிறவங்களுக்கு சுண்டல் கொடுக்கிறாங்க, கருப்பட்டி போட்ட சுக்குக் காபியும் ஒரு டிரம் வைக்கிறாங்க. 1960 சட்டத்துல முதல் தடவை வதை பண்ணா அபராதம் இன்னும் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய்தான்னு தெரிஞ்சு கோவப்பட்ட லா டிபார்ட்மெண்ட் பசங்க அதை திருத்தச் சொல்லி எம்பிக்கு எழுதியிருக்காங்க. ஜூனியர்ஸ்கிட்ட லெட்டர் டிராஃப்ட், சப்டைட்டில் ஃபைல், ஆடிட்டோரியம் அண்ணன் நம்பர் எல்லாம் கொடுத்தாச்சு, ஜூலையில அடுத்த வரிசை ஆரம்பிக்கிறாங்க, முதல் படம் தெருநாய்களை பத்தி இருக்கணும்னு அவங்களே முடிவு பண்ணியிருக்காங்க.